நிறுத்துவதா, தொடர்வதா, மாற்றுவதா: கர்ப்ப காலமும் மனநோய் மாத்திரையும்

என் தங்கச்சி மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்பது எங்களுக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இலங்கை மலைநாட்டுத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். மாதா மாதம் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை அதற்குள்தான் போகும். ஒரு நாள் ஊசி நூல் தேடி அந்த டின்னைத் திறந்தேன். கடதாசி உறை ஒன்றில் பாதி மாத்திரை கிடந்தது. அடுத்த உறை பிரிக்கவே படவில்லை. "காலை 1" என்று பேனையால் எழுதியது எழுதியபடி இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று கிளினிக்குக்குப் போய் மாத்திரையை வாங்கி வந்திருக்கிறாள், குடிக்கத்தான் இல்லை.

கேட்டதற்கு, "நாள் தள்ளிப்போன அன்னைக்கே நிப்பாட்டிட்டேன் அக்கா. பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றாள்.

டவுனில் மருந்துக் கடை ஒன்றில் யாரோ அவளிடம், "மாசமா இருக்கிறவங்க இதைக் குடிக்கவே கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் அவளை எழுப்பி நடமாட வைத்தது அந்த மாத்திரைதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கே வரவில்லை.

அந்த ஆறு வாரத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று பிறகுதான் நாங்கள் கோத்துப் பார்த்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. தலை வாரவில்லை. அவளுடைய மாமியார் "மசக்கைதானே, எல்லாருக்கும் வாறதுதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் மசக்கைக்காரி வாந்தி எடுத்துவிட்டு மாங்காய் கேட்பாள், புளி கேட்பாள். இவள் எதையுமே கேட்கவில்லை. நோய் திரும்பி வந்து மசக்கை என்ற பெயரில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

அதிலிருந்து இந்த விஷயத்தை வைத்தியர்களிடமும் வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவிச்சியான மிஸ்ஸிடமும் விடாமல் கேட்டிருக்கிறேன், கிடைத்ததை எல்லாம் வாசித்திருக்கிறேன். மனச்சோர்வுக்கோ, பதற்றத்துக்கோ, இருமுனைக் கோளாறுக்கோ, மனச்சிதைவுக்கோ மாத்திரை குடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் கர்ப்பமானால் அவள் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் உட்கார்ந்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

தராசின் இரண்டு தட்டும்

நம் வீடுகளில் இந்தக் கேள்வியை எப்போதும் ஒரு பக்கமாகத்தான் கேட்கிறோம்: "மாத்திரை பிள்ளையைப் பாதிக்குமா?" மாத்திரை குடிக்காவிட்டால் பிள்ளை பத்திரம் என்று நாமாக முடிவு செய்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. எந்த மருந்தும் தொடாத தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளிலும் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு மாத்திரையின் ஆபத்தை அளக்கும்போது அந்த மூன்று எத்தனையாகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

தராசின் மற்றத் தட்டில் நோய் இருக்கிறது. கடுமையான மனச்சோர்வோடு இருக்கும் தாய் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கிளினிக் நாளைத் தவறவிடுகிறாள். பிள்ளை மாதம் நிறையுமுன் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் அப்படிப்பட்ட தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எடை குறைந்த பிறப்பு ஏற்கெனவே தோட்டப்புறத்தில்தான் அதிகம். இரத்தச்சோகையும் சேர்ந்திருக்கும் ஓர் உடம்பில், சாப்பிட மனமில்லாத இன்னொரு நோயையும் ஏற்றினால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? தாய் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளும் ஆபத்தும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே நாம் பலரை இழந்திருக்கிறோம்.

மருந்தைப் பற்றிய பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற தூக்க மாத்திரையைக் கர்ப்பிணிகள் வாந்திக்கும் எடுத்தார்கள். 1961-ல் அது திரும்பப் பெறப்படுமுன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கை கால் வளராமல் பிறந்தார்கள். உலகமே அந்தப் பாடத்தை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பயத்தை எல்லா மாத்திரைக்கும் ஒரே அளவாகப் பங்கு போடுவது சரியில்லை. மனநோய் மாத்திரைகளுக்குள்ளேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

முதல் வழி: சட்டென்று நிறுத்துவது

நம்மவர்களில் மிக அதிகம் பேர் எடுக்கும் வழி இதுதான், யாரிடமும் சொல்லாமல் எடுப்பதும் இதைத்தான். இருப்பதில் மோசமான வழி இது என்பதே என் முடிவு.

2006-ல் அமெரிக்காவில் 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லாருமே மனச்சோர்வு வந்து, மாத்திரையால் நலமாகியிருந்தவர்கள். மாத்திரையை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 68 பேருக்குக் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. தொடர்ந்து குடித்தவர்களில் அது 26. அவர்கள் பெரும்பாலும் நோய் கடுமையாக இருந்து பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நோய் அவ்வளவு கடுமையில்லாத பெண்களைப் பார்த்த பிந்திய ஆய்வு ஒன்றில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நோய் எத்தனை தரம் வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது என்பதைப் பொறுத்து இந்த ஆபத்து மாறுகிறது.

இருமுனைக் கோளாறில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் குறைவு. ஒரு காலம் மனம் பொங்கி எழும்பி, இன்னொரு காலம் அடியோடு விழும் நோய் அது. 2007-ல் வந்த ஆய்வில், மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தை நிறுத்திய கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 37. படிப்படியாகக் குறைக்காமல் திடீரென்று விட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நாள் தள்ளிப்போன பிறகு நிறுத்தினால் பிள்ளை தப்பிவிடும் என்று நினைக்கிறோம். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து ஏறக்குறைய 28-ம் நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். மிஸ்ஸிடம் போய்ப் பதியுமுன்னே முக்கியமான கட்டம் தாண்டிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பேச்சைக் கல்யாணப் பேச்சோடு தொடங்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரையையும் மறைத்து வைத்திருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புருஷன் ஒருவனிடமாவது சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் நிறுத்தவே முடியாதா? முடியும், சிலருக்கு. ஒரே ஒரு தரம் இலேசாக மனச்சோர்வு வந்து, நெடுநாள் நலமாக இருப்பவர், வைத்தியருடன் பேசி, சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். பிள்ளை உருவாகுமுன்பே அதைச் செய்து, மருந்து இல்லாமல் கொஞ்ச காலம் நன்றாக இருந்து பார்ப்பது இன்னும் நல்லது. அதற்கும் டின்னுக்குள் ஒளித்து நிறுத்துவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தொடர்வது, அதுவும் முழு அளவில்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது பெரும்பாலும் கொடுப்பது செர்ட்ரலின், ஃபுளுவொக்செட்டின், சிட்டலோப்ராம் போன்றவை. பல லட்சம் கர்ப்பங்களில் இவற்றைக் கவனித்திருக்கிறார்கள். அந்த "நூற்றுக்கு மூன்று" என்ற கணக்கை இவை பெரிதாக உயர்த்தவில்லை என்பதே ஒட்டுமொத்தமாகத் தெரிவது. இந்தக் குடும்பத்தில் குறிப்பாகப் பரொக்செட்டினைப் பற்றி, இதயக் குறைபாடு சிறிதளவு கூடக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் கர்ப்பிணிக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

பிள்ளையின் நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் பிறந்த பிறகும் இறுகியே இருக்கும் அரிய சிக்கல் ஒன்று உண்டு. 2006-ல் வந்த ஓர் ஆய்வு, இந்த மாத்திரைகளால் அது ஆறு மடங்கு கூடுகிறது என்று சொல்லிப் பெரிய பீதியைக் கிளப்பியது. பிறகு 38 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்த 2015 ஆய்வில், ஆயிரம் பிள்ளைகளில் இருவருக்கு வருவது மூவராகக் கூடியதாகவே தெரிந்தது. "மடங்கு" என்று கேட்டால் நெஞ்சு அடைக்கும், ஆயிரத்தில் எத்தனை என்று கேட்டால் யோசிக்க முடியும். கிளினிக்கிலும் அப்படியே கேளுங்கள்.

உண்மையில் அடிக்கடி நடப்பது வேறொன்று. கடைசி மாதங்களில் இந்த மாத்திரை குடித்த தாய்மாரின் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, பிறந்து சில நாட்களுக்கு நடுங்கும், சிணுங்கும், பால் குடிக்கக் கஷ்டப்படும். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளையைக் கவனித்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்தால் காரணம் தெரியாமல் எல்லாரும் பயப்படுவார்கள். இதற்காகக் கடைசி மாதத்தில் மாத்திரையை விடுவது புத்தி இல்லை. பிள்ளை பிறந்த முதல் வாரங்கள்தான் தாய் மறுபடி விழ அதிகம் வாய்ப்புள்ள காலம்.

இங்கே நம் வீட்டுச் சமரசம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். "முழுசா வேணாம், பாதிப் பாதியாக் குடி" என்று அம்மாவோ மாமியாரோ சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நோயை அடக்கப் போதாத பாதி மாத்திரையால் பிள்ளைக்கு மருந்தும் போகிறது, நோயின் பாதிப்பும் போகிறது. ஒரு தட்டின் ஆபத்தைக் குறைக்கப் போய் இரண்டு தட்டையும் நிரப்பிக்கொள்கிறோம். கர்ப்பத்தில் உடம்பின் நீரும் இரத்தமும் கூடுவதால் பிந்திய மாதங்களில் சிலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். வேலை செய்யும் அளவில் ஒரே ஒரு மருந்து என்பதுதான் வைத்தியர்கள் தேடும் இடம்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. ஒலன்சபின், குவெட்டியாபின், ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். நோய் முற்றினால் வரும் கேடு மருந்தின் கேட்டைவிடப் பல மடங்கு பெரியது. ஒலன்சபின் எடையையும் சீனியையும் ஏற்றும், அதனால் கர்ப்ப கால நீரிழிவுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மாற்றித்தான் ஆக வேண்டிய மாத்திரைகள்

சோடியம் வல்ப்ரோயேட். இந்தப் பெயரை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கும் கொடுப்பார்கள், இருமுனைக் கோளாறுக்கும் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் இதைக் குடித்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது, முள்ளந்தண்டு மூடாமல் போவதும் அதில் அடக்கம். அதோடு, பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை வளர்ச்சியில் பின்னடைவு வருகிறது. இருமுனைக் கோளாறுக்காக இதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது என்பதில் உலக அளவில் கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள உங்கள் மகளோ மருமகளோ இந்த மாத்திரை குடித்தால், கல்யாணத்துக்கு முன்பே, இந்த மாதமே, வேறு மருந்து பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். அப்போதும் தானாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்காகக் குடிப்பவர் திடீரென்று விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்தே வரலாம்.

அதே நோய்களுக்குக் கொடுக்கும் கார்பமசெப்பினும் முள்ளந்தண்டுக் குறைபாட்டைக் கூட்டும், வல்ப்ரோயேட் அளவுக்கு இல்லை. இந்த இரண்டையும் குடிக்கும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கூடுதல் அளவில், 5 மில்லிகிராமாக, கருத்தரிக்குமுன்பே கொடுப்பது வழக்கம். மிஸ் எல்லாருக்கும் கொடுக்கும் மாத்திரையே போதும் என்று இருந்துவிடாமல் அதையும் கேளுங்கள்.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. பிள்ளையின் இதயத்தைக் கெடுக்கும் என்று பல வருடம் மிகவும் அஞ்சினார்கள். 2017-ல் வந்த பெரிய ஆய்வில், இதயக் குறைபாடு நூறில் ஒன்றுக்குச் சற்று மேல் இருப்பது இரண்டரைக்குக் கிட்ட வருவதாகவும், அளவு கூடக்கூட ஆபத்து கூடுவதாகவும் தெரிந்தது. ஆபத்து இருக்கிறது, ஆனால் முன்பு நினைத்த அளவுக்கு இல்லை. லித்தியத்தால் மட்டுமே நிற்கும் பெண்ணுக்குத் தொடர்வது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் மாதா மாதம் இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், கடைசி மாதத்தில் வாராவாரம் பார்க்க வேண்டும். மசக்கையில் ஓயாமல் வாந்தி எடுத்தாலும், வயிற்றாலே போனாலும் உடம்பு வறண்டு லித்தியம் நஞ்சாக ஏறிவிடும். டவுனுக்கு இறங்கவே முக்கால் நாள் எடுக்கும் மேல் டிவிஷனில் இருக்கும் பெண்ணால் அத்தனை இரத்தப் பரிசோதனைக்குப் போக முடியுமா? முடியாது என்றால் அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். மருந்தின் பாதுகாப்பில் ரோட்டும் பஸ்ஸும் ஒரு நாள் கூலிப் பேரும் சேர்ந்தே இருக்கின்றன. கொழும்பிலிருக்கும் பெண்ணுக்கு லித்தியம் நல்ல தெரிவாகவும், மலை உச்சித் தோட்டத்திலிருக்கும் பெண்ணுக்குக் குவெட்டியாபின் நல்ல தெரிவாகவும் இருக்கக்கூடும்.

டயசெபாம், குளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளைக் கடைசி மாதங்களில் தொடர்ந்து எடுத்தால் பிள்ளை துவண்டு, மூச்சு மந்தமாகிப் பிறக்கலாம். இவற்றையும் நெடுநாள் குடித்தவர் திடீரென்று விடக் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

மற்றபடி, நன்றாக வேலை செய்யும் ஒரு மருந்தைக் கர்ப்பத்தின் நடுவில் "இன்னும் பாதுகாப்பானது" என்று தேடி மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டு மருந்து போகும், புதியது பிடிக்காவிட்டால் நோயும் வரும். இணையத்தில் மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துப் போட்ட பழைய அமெரிக்கப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துகள் ஆளைக் குழப்புகின்றன என்று அமெரிக்காவே 2015-ல் அவற்றைக் கைவிடத் தொடங்கிவிட்டது.

மாத்திரை இல்லாத வழிகள்

இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். நமக்கு மிக நெருக்கமான உதாரணம் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொஞ்சக் காலப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கே போய்ப் பேச வைத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. மற்றவர்களில் 53. 2008-ல் வெளிவந்த ஆய்வு அது. பிறகு உலக சுகாதார நிறுவனமே அந்த முறையைக் கைநூலாக்கியது. வீடு வீடாக லயத்துக்கு ஏறி வரும் குடும்பநல மிஸ் நம்மிடமும் இருக்கிறார். எனக்கு இதில் உள்ள ஏக்கத்தை மறைக்க முடியவில்லை. தமிழில், நம் பேச்சில், மனசைக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் கிடைத்தால் எத்தனை பேர் மாத்திரை வரை போகாமலே எழும்பியிருப்பார்கள்?

இன்று உள்ள நிலைமை அப்படியில்லை. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பது அரிது. சிங்களத்தில் பேசும் வைத்தியருக்குத் தாதியோ, வரிசையில் நிற்கும் யாரோ மொழிபெயர்க்க, "சாகலாம் போல இருக்கு" என்பதை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? கூட்டிப் போகும் ஒருவர் இரண்டு மொழியும் தெரிந்த நம்பிக்கையான பெண்ணாக இருந்தால் பாதிச் சிகிச்சை அங்கேயே நடந்துவிடும். பேச்சுச் சிகிச்சைக்கு எல்லையும் உண்டு. இருமுனைக் கோளாறையும் மனச்சிதைவையும் அது தனியாகத் தாங்காது. மாத்திரைக்குத் துணையாக நிற்கும்.

கோயிலுக்குப் போவது, கயிறு கட்டுவது, கோடாங்கியிடம் கேட்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முனியாண்டி கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வந்த அன்று என் தங்கச்சி நிம்மதியாகத் தூங்கினாள், நான் கண்ணால் பார்த்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். திருநீறு பூசிய கையாலேயே மாத்திரையும் குடிக்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சூரணத்தையும் கஷாயத்தையும் மட்டும் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள்.

சாப்பிடாமல் குடிக்காமல், உயிரை விடுவேன் என்று நிற்கும் அளவுக்கு முற்றினால் மின்சிகிச்சையும் ஒரு வழி. பெயரைக் கேட்டால் பயம் வரும். மயக்க மருந்து கொடுத்து, பிள்ளையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டு செய்வது அது. மருந்துக்குக் காத்திருக்க நேரமில்லாத கர்ப்பிணிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு

முடிவு பிரசவத்தோடு முடிவதில்லை. செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே போகும், தாராளமாகப் பால் கொடுக்கலாம். லித்தியத்தோடு பால் கொடுப்பதை வைத்தியர்கள் பொதுவாக விரும்புவதில்லை, மனச்சிதைவு மருந்தான குளோசபினோடு கொடுக்கவே வேண்டாம் என்பார்கள். பால் கொடுப்பதற்காக மாத்திரையை விடுவதா, மாத்திரைக்காகப் பாலை விடுவதா என்ற நெருக்கடி பெரும்பாலான மாத்திரைகளில் வருவதே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பின் திடீரென்று புத்தி தடுமாறும் நோய் ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு வரும். இருமுனைக் கோளாறு கடுமையாக உள்ளவர்களில் அது ஐந்தில் ஒருவர் வரை போகும், அதுவும் முதல் இரண்டு வாரத்துக்குள். இரண்டு இரவு தூங்காமலும் களைப்பில்லாமல் இருப்பது, ஓயாத பேச்சு, யாரோ பேசுவது கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமான சந்தேகம் என்று எதைப் பார்த்தாலும் "காத்து கறுப்பு பட்டிருக்கும்" என்று ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் பேசலாம். அந்த நிறுவனம் இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்து மனநலச் சிகிச்சை கொடுக்கும் பிரிவு அங்கே இருக்கிறது.

தூக்கம் வரவைக்கும் மாத்திரை குடிக்கும் தாய் பிள்ளையைத் தன் பாயிலேயே, ஒரே கம்பளிக்குள் போட்டுத் தூங்கக் கூடாது. மலைக்குளிரில், ஒரே காம்பராவில், இது சொல்ல இலேசு, செய்யக் கஷ்டம். இரவில் பிள்ளையைப் பக்கத்தில் வேறு விரிப்பில் யார் வைத்துக்கொள்வது என்று ஏழாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை எடுத்தது, மசக்கை என்று சொன்ன அதே மாமியார்தான்.

இரண்டு கொப்பி

தங்கச்சியிடம் இரண்டு கொப்பி இருந்தன. ஒன்று மனநலக் கிளினிக் கொப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருக்கும். மற்றது மிஸ் கொடுத்த கர்ப்பிணிப் பதிவு, எச் 512. அது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க இருக்கும். மனநல டொக்டருக்கு அவள் கர்ப்பம் என்று தெரியாது. மிஸ்ஸுக்கு அவள் மாத்திரை குடிப்பவள் என்று தெரியாது. இருவரும் நல்லவர்கள், கேட்டிருந்தால் உதவியிருப்பார்கள். நடுவில் தகவல் போகத்தான் வழியில்லை.

நான் செய்த பெரிய காரியம் அந்த இரண்டையும் ஒரே பையில் போட்டு அவளைக் கூட்டிப் போனதுதான். டொக்டர் இரண்டையும் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தார். எத்தனை தரம் நோய் வந்தது, கடைசியாக எப்போது விழுந்தாள், எந்த மருந்து எழுப்பியது, சாக நினைத்தாளா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு அதே செர்ட்ரலினைச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். மருந்தின் பெயரையும் அளவையும் எச் 512-லும் எழுதினார். அடுத்த வாரம் மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி இதை என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் எடையைப் பார்த்த பிறகு தூக்கத்தையும் கேட்டார்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தான். முதல் இரண்டு நாள் கையைத் தொட்டால் விரல்கள் படபடவென்று நடுங்கின. வார்ட்டில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. பால் கொடுக்க உதவினார்கள், மூச்சை அடிக்கடி பார்த்தார்கள். மூன்றாம் நாள் நடுக்கம் குறைந்தது, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பிஸ்கட் டின் இப்போதும் அதே பலகையில்தான் இருக்கிறது, திரிபோஷா சத்துமாவுப் பைக்குப் பக்கத்தில். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது மாமியாரே அதை எடுத்துத் திறந்து நீட்டுகிறார்.